இருபது மீட்டர் டயர் கோடு

நான் இருந்த நாற்காலியில் இப்போது இருக்கும் ரேவதி போன மாதம் போன் செய்தாள். இனிமேல் லாரி, பஸ்களின் தகுதிச் சான்றுக்கு இயந்திரமே வந்துவிடப் போகிறதாம். வண்டியை உருளைகளின்மேல் ஏற்றி நிறுத்தினால், எந்தச் சக்கரத்தில் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று திரையில் காட்டிவிடுமாம். “நீங்கள்லாம் எப்டி மேடம் பாத்தீங்க? கையெழுத்துப் போடறப்ப பயமா இருக்காதா?” என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்றேன்.

மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது பலகையில் இருக்கும் பெயர். ஜனங்கள் எங்களைக் கூப்பிடுவது பிரேக் இன்ஸ்பெக்டர் என்று. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தேன். அந்தப் பெயருக்கு ஏற்றவளாக நான் ஆனது பாதி வழியில்தான். அதற்கு முன்னால் நானும் பலகையில் இருந்த பெயர்தான்.

எங்கள் குடும்பம் வடக்கனந்தலில் கூலி வேலை பார்த்த குடும்பம். அப்பா கரும்பு வெட்டுவார். பத்தாவதில் மார்க் வந்ததால் பாலிடெக்னிக்கில் சேர்த்தார்கள். ஆட்டோமொபைல் பிரிவில் இடம் காலியாக இருந்தது. அதில் நான் ஒருத்திதான் பெண். இயற்பியல் பாடத்தில் சீரான முடுக்கம் என்று ஒரு அத்தியாயம் வரும். அதிலிருந்து ஐந்து மார்க் கேள்வி கட்டாயம் உண்டு. இறுதி வேகத்தின் இருமடி, தொடக்க வேகத்தின் இருமடி, இரண்டு பெருக்கல் முடுக்கம் பெருக்கல் தூரம் என்று ராகம் போட்டுப் படித்து, ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். அது எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில் மாற்றலாகிக் கள்ளக்குறிச்சிப் பக்கம் வந்தேன். அங்கே எனக்கு மேலதிகாரி நடேசன் சார். தியாகதுருகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். மெலிந்த உடம்பு. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் சாக்பீஸ் துண்டு இருக்கும். பை எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும். குரலை உயர்த்த மாட்டார். லாரி டிரைவர்கள், கிளீனர்கள் எல்லாரையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். அவரிடம் கோப்பு போனால் ஒவ்வொரு வரிக்கும் கீழே மரஸ்கேலை வைத்துப் படிப்பார். ஸ்கேல் எந்த வரியில் நிற்கிறதோ அங்கே தப்பு இருக்கிறது என்று அர்த்தம். தப்பு என்ன என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்கிற வரைக்கும் ஸ்கேல் அங்கேயே இருக்கும்.

சேர்ந்த வாரமே என்னை மைதானத்துக்குக் கூட்டிப் போனார். ஆபீஸ் ஜீப்பை அவரே ஓட்டினார். இருபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக் போட்டார். டேப் வைத்து அளந்தேன், இரண்டரை மீட்டர். அடுத்து நாற்பதில் வருகிறேன், எங்கே நிற்கும் என்று நினைக்கிறாயோ அங்கே கோடு போடு என்றார். வேகம் இரண்டு மடங்கு, தூரமும் இரண்டு மடங்கு என்று ஐந்து மீட்டரில் கோடு போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். ஜீப் என் கோட்டைத் தாண்டிப் போய், பத்து மீட்டருக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. சார் இறங்கி வந்து என் கோட்டைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். “எழுதிக்கோம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்றைக்கு அறைக்குத் திரும்பியும் அது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. பிரேக் ஒவ்வொரு வினாடியிலும் வேகத்தில் ஒரே அளவைத்தான் பிடுங்குகிறது. அதனால் இரண்டு மடங்கு வேகத்தைப் பிடுங்க இரண்டு மடங்கு நேரமாகும். அந்த நேரம் முழுக்க வண்டியின் சராசரி வேகமும் இரண்டு மடங்கு. இரண்டு இரண்டு நாலு. ராகம் போட்டுப் படித்த சூத்திரம் இதைத்தான் சொன்னது என்று அப்போதுதான் உறைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாடம் முழுசாகப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

அந்த விபத்து நடந்தது பல வருஷம் கழித்து. வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஒரு மினி லாரி கீழே இறங்கி வந்தது. கடைசி வளைவைத் தாண்டினால் கச்சிராயபாளையம் வரும் வழியில் சாலை நேராக, ஆனால் இறக்கமாகவே போகும். கரும்பில் காய்ந்த சோகையை உரித்துவிட்டு வந்த அஞ்சலை என்கிற பெண், தலையில் புல்லுக்கட்டோடு சாலையைக் கடந்தாள். டிரைவர் ஏழுமலை பிரேக்கை மிதித்தார். டயர் தேய்ந்து கோடு விழ, வண்டி இழுத்துக்கொண்டே போய், நிற்கப்போகிற கடைசி நேரத்தில் அவளைத் தள்ளி, வலது பாதத்தின்மேல் முன்சக்கரம் ஏறி நின்றது. சாயங்காலம் நாலு மணி.

விபத்து என்றால் போலீஸ் எங்களுக்குக் கடிதம் அனுப்பும். நாங்கள் போய் வண்டியைப் பார்த்து, இயந்திரக் கோளாறு இருந்ததா என்று எழுதித் தர வேண்டும். இதில் இன்னொரு கேள்வியும் இருந்தது. லாரி பறந்து வந்தது என்று சாலையோரத்தில் இருந்த இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். வேகம் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்தால் நல்லது என்றார் போலீஸ் இன்ஸ்பெக்டர். அந்தச் சாலையில் வேக வரம்புப் பலகை முப்பதுதான்.

மறுநாள் காலையில் போனேன். தார் காய்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் இரட்டைக் கோடாக டயர் தேய்ந்த தடம் கருப்பாகத் தெரிந்தது. அளந்தேன், இருபது மீட்டர். கோடு கடைசியில் லேசாக வலப்பக்கம் வளைந்திருந்தது. அதையும் வரைபடத்தில் போட்டேன், ஆனால் ஏன் வளைந்தது என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. காவல் நிலையத்தில் நிறுத்தியிருந்த லாரியில் ஏறி பெடலை மிதித்தேன். கல் மாதிரி இறுக்கமாக இருந்தது. ஆயில் ஒழுகல் இல்லை. காய்ந்த தார்ச்சாலையில் சக்கரம் இறுகித் தேய்ந்தால், வினாடிக்கு ஏழு மீட்டர் வீதம் வேகம் குறையும் என்று கையேட்டில் இருக்கும். இரண்டு பெருக்கல் ஏழு பெருக்கல் இருபது, இருநூற்று எண்பது. அதன் வர்க்கமூலம் பதினாறே முக்கால் பக்கம். மணிக்கு அறுபது கிலோமீட்டர்.

பலகை முப்பது, வந்தது அறுபது. ஏழுமலையின் கதை முடிந்தது. ‘விபத்துக்கு வாகனத்தின் இயந்திரக் கோளாறு காரணம் அல்ல’ என்று எத்தனையோ தடவை எழுதின வரியை மறுபடியும் எழுதி, சாரிடம் கொண்டுபோய் வைத்தேன்.

ஸ்கேல் கீழே கீழே இறங்கி வந்து, ஏழு என்ற எண்ணுக்குக் கீழே நின்றது.

“இந்த ஏழு எங்கருந்தும்மா வந்துது?”

“புக்குல இருக்குது சார்.”

“லாரி அந்தப் புக்கப் படிச்சிருக்குதா?”

நான் சிரிக்கவில்லை. எரிச்சலாக இருந்தது. அவர் கோப்பை மூடி என்னிடமே நீட்டினார். அடிபட்டவளைப் பார்த்தாயா என்று கேட்டார். எங்கள் வேலையில் அப்படி ஒரு விதி கிடையாது. நாங்கள் பார்க்க வேண்டியது வண்டியைத்தான். ஆனால் சார் தன் கைக்கு வந்த விபத்துகளில் ஆஸ்பத்திரிக்கு ஒருநடை போய்விட்டு வந்துதான் கையெழுத்துப் போடுவார். ஏன் என்று கேட்டதற்கு ஒருமுறை, அவர்கள் முகம் தெரிந்தால் கை கொஞ்சம் நிதானமாக எழுதும் என்று சொன்னார். அன்றைக்கு அவர் சொன்னதற்காகப் போனேன், மனசில்லாமல்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். ஜாமீனில் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். மூன்று நாளாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே வர பயப்படுகிறார் என்று நர்ஸ் சொன்னார்.

அஞ்சலைக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பாதத்தில் பாதியை எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டிலில் சாய்ந்தபடி, பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். லாரி எவ்வளவு வேகமாக வந்தது என்று ஒப்புக்குக் கேட்டேன்.

அவள் சுளையை உரிப்பதை நிறுத்தினாள்.

“வண்டி ஒண்ணும் அவ்ளோ வேகமா வர்லீங்க. நிக்கத்தான் மாட்டேன்னுச்சு.”

நான் கட்டிலுக்குக் கிட்டே போனேன்.

“அந்தாளு என்னியே பாத்துக்கினு வந்தாருங்க. நின்னுடும் நின்னுடும்னு நானும் பாத்துக்கினே நின்னுட்டேன். தலையில கட்டு வேற. சரி நின்னுடுச்சுன்னு நெனைக்கறேன், வந்து கால்ல ஏறிடுச்சு.”

அந்த வார்டில் நின்றபடியே என் கணக்கு சரிந்து விழுவது எனக்குத் தெரிந்தது. கோடு நீளமாக விழ இரண்டு காரணம் இருக்கலாம். வண்டி வேகமாக வந்திருக்க வேண்டும். அல்லது வேகம் மெதுவாகக் குறைந்திருக்க வேண்டும். இருபது மீட்டர் என்கிற நீளம், இந்த இரண்டில் எது என்று தானாகச் சொல்லாது. நான் குறைகிற வீதத்தை ஏழு என்று கையேட்டிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சப் பழியை எல்லாம் வேகத்தின்மேல் போட்டுவிட்டேன். படிக்காத அஞ்சலை வேகத்தையும் நிற்காததையும் தனித்தனியாகப் பார்த்திருந்தாள்.

அங்கிருந்து நேராக விபத்து நடந்த அடிவாரத்துக்குப் போனேன். தடம் இன்னும் அழியவில்லை. நின்றுபோன லாரியின் பின்சக்கரம் இருந்த இடம் வரைக்கும்தான் கோடு. அதற்கு முன்னால், முன்சக்கரங்கள் இருந்த இடத்தில், தார் சுத்தமாக இருந்தது. நாலு சக்கரமும் பிடித்திருந்தால் அங்கேயும் தேய்ந்திருக்க வேண்டும். கடைசியில் கோடு வளைந்ததும் அதனால்தான். பின்சக்கரம் மட்டும் பிடித்தால் வண்டியின் வால் விலகும்.

காவல் நிலையத்துக்குப் போய், ஏட்டிடம் ஒரு சாக்கு வாங்கி விரித்து, லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். முன்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் குழாயை நடுவில் வெட்டி, ஒரு போல்ட்டைத் திருகி அடைத்திருந்தார்கள். முன்பக்கம் எங்கேயோ ஆயில் ஒழுகியிருக்கும். சரிசெய்வதற்குப் பதில் அடைத்துவிட்டார்கள். அடைத்ததால்தான் பெடல் அவ்வளவு இறுக்கமாக இருந்தது. அந்த இறுக்கத்தைத்தான் நான் நல்ல பிரேக் என்று நினைத்தேன்.

அதைவிட மோசமான ஒன்று அங்கேயே இருந்தது. போல்ட்டின்மேல் ஆயிலும் மண்ணும் சேர்ந்து தார் மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. அது நாள்பட்ட அழுக்கு. அந்த லாரிக்கு ஒன்றரை மாதம் முன்னால்தான் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கொடுத்திருந்தோம். அதில் இருந்த கையெழுத்து என்னுடையது.

அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. ஐப்பசி மழை. இரண்டு ஆய்வாளர்கள் லீவு. மைதானம் சேறாகிக் கிடந்தது. வண்டிகள் வரிசையாகச் சாலை வரைக்கும் நின்றன. விதிப்படி வண்டியை முப்பது கிலோமீட்டரில் ஓட்டிப் பிரேக் போட்டு, குறித்த தூரத்துக்குள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சேற்றில் எப்படி ஓட்டுவது? சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன், விளக்கு, ஹாரன், வைப்பர் பார்த்தேன், பெடலை மிதித்தேன், கையெழுத்துப் போட்டேன். அடியில் குனிந்து பார்க்கவில்லை.

லாரிக்கு அடியிலிருந்து எழுந்திருக்கவே வெகுநேரம் ஆயிற்று. அழுதேன் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே எழுதின அறிக்கையை அப்படியே கொடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது என்ற நினைப்பு வந்தது. வரவே இல்லை என்று எழுத இப்போது ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்தது. அறுபது என்ற எண் கையில் தயாராக இருந்தது. ஏழுமலைக்கு லைசென்ஸ் போகும், ஜெயிலும் கிடைக்கலாம். எனக்கு ஒன்றும் ஆகாது.

மறுநாள் காலையில் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். போல்ட், அழுக்கு, மழை நாள், கையெழுத்து. அவர் ஸ்கேலை எடுக்கவில்லை. ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தார். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். எழுதுவது உன் கை, நான் சொல்ல மாட்டேன் என்றார். கொஞ்சம் கழித்து, “எதா இருந்தாலும் எண்ண மட்டும் சரியாப் போட்டுடும்மா. அந்த ஏழு வேணாம். நம்ப எண் நம்பளே எடுக்கலாம்” என்றார்.

அப்படித்தான் அந்தச் சோதனை நடந்தது. அதே ரகத்தில் இன்னொரு லாரி கேட்டு வாங்கினோம். எடை போட்டு அதே பாரத்துக்கு மணல் மூட்டை ஏற்றினோம். மெக்கானிக்கை வைத்து முன்பக்கக் குழாயை அடைத்தோம். விடிந்ததும் போலீஸ் சாலையை இரண்டு பக்கமும் மறித்து நிறுத்த, அதே இறக்கத்தில் சார் லாரியை ஓட்டி வந்தார். ரிடையர் ஆக நாலு மாதம் இருந்த மனிதர், கண்ணாடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். வண்டியின் மீட்டரை அவர் நம்பவில்லை. இருபத்தைந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் கோடு போடச் சொன்னார். அதை மூன்று வினாடியில் கடந்தால் முப்பது கிலோமீட்டர். நான் ஸ்டாப்வாட்சோடு நின்றேன். மூன்று வினாடி வராத ஓட்டத்தை எல்லாம் தள்ளிவிட்டு, திரும்ப மேலே ஏற்றி, திரும்ப இறங்கினார். சரியாக வந்த மூன்று ஓட்டத்திலும் பதின்மூன்று மீட்டரை ஒட்டியே நின்றது.

சாலையோரக் கல்லில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முப்பதில் பதின்மூன்று மீட்டர் என்றால் வினாடிக்கு இரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வேகம் குறைகிறது. ஏழு எங்கே, இது எங்கே. அந்த வீதத்தில் இருபது மீட்டர் கோடு விழ, வண்டி முப்பத்தேழில் வந்திருந்தால் போதும். பிறகு குழாயைத் திறந்து நாலு சக்கரமும் பிடிக்கிறபடி செய்து மறுபடி ஓட்டினோம். வண்டி பாதித் தூரத்தில் நின்றது. அந்தக் கணக்குப்படி, பிரேக் ஒழுங்காக இருந்தால் ஏழுமலையின் லாரி பத்தாவது மீட்டரில் நின்றிருக்கும். அஞ்சலை நின்றது பதினெட்டாவது மீட்டரில்.

சார் என் தாளை எட்டிப் பார்த்தார். அங்கே ஸ்கேல் இல்லாததால் விரலை வைத்துப் படித்தார். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

அறிக்கையை அன்றைக்கே எழுதினேன். முன்பக்கப் பிரேக் செயல்படவில்லை. வேகம் ஏறத்தாழ முப்பத்தேழு. விபத்துக்கு இயந்திரக் கோளாறே முக்கியக் காரணம். கடைசிப் பத்தியில், இந்தக் கோளாறு தகுதிச் சான்று கொடுத்த நாளிலேயே இருந்திருக்கிறது, சான்று கொடுத்தவள் நான், ஓட்டிப் பார்க்காமலும் அடியில் பார்க்காமலும் கொடுத்தேன் என்று எழுதினேன். அந்தப் பத்தியை எழுத மட்டும் மத்தியானம் முழுக்க ஆயிற்று.

ஏழுமலையைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நான் ஒண்ணும் உத்தமன் இல்லீங்க மேடம். எறக்கத்துல சரியா நிக்கலன்னு எனக்குத் தெரியும். ஓனர் கிட்ட சொன்னேன், பாக்கலாம்னாரு. எஃப்.சி. அன்னிக்கு நீங்க பெடல மிதிச்சப்ப பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். வாய் வர்ல” என்றார். பலகை முப்பது என்று தெரிந்தும் நாற்பதை ஒட்டித்தான் வந்தேன் என்பதையும் அவராகவே சொன்னார்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னை விடவில்லை. அவர் லாரி உரிமையாளருக்காக வந்தவர், பழி வண்டியின்மேல் விழக் கூடாது அவருக்கு. இருபது மீட்டர் தேய்ந்திருக்கிறது, வேகமாக வராமல் எப்படித் தேயும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நீதிபதி, புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றார். சூத்திரத்தைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். வினாடிக்கு வினாடி ஒரே அளவு வேகம்தான் குறையும், ஆனால் தூரம் ஒரே அளவாகப் போகாது என்று ஆரம்பித்தேன். பிரேக் பிடித்த முதல் வினாடியில் லாரி ஒன்பது மீட்டர் ஓடிவிட்டது. இரண்டாவதில் ஆறு மீட்டர் சொச்சம். மூன்றாவதில் மூன்றரைக்குக் கொஞ்சம் மேல். மிச்சம் இருந்த நேரத்தில் ஒரு மீட்டர். அஞ்சலையைத் தொட்டபோது அது சைக்கிள் வேகத்தில் இருந்தது. அதனால்தான் அவர் உயிரோடு இருக்கிறார். உண்மையிலேயே அறுபதில் வந்திருந்தால், இந்தப் பிரேக்கோடு ஐம்பது மீட்டர் கோடு விழுந்திருக்கும். விழுந்தது இருபது.

நீதிபதி எண்களை வரிசையாக எழுதி, ஓரத்தில் கூட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. கூட்டி முடித்துவிட்டு, மேலே சொல்லுங்கள் என்றார். நான் சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது என்றேன்.

தாறுமாறாக ஓட்டினார் என்ற குற்றம் நிற்கவில்லை. பலகையை மீறியதற்கு ஏழுமலைக்கு அபராதம் போட்டார்கள், லைசென்ஸ் சில மாதம் கழித்துத் திரும்பக் கிடைத்தது. உரிமையாளர்மேல் தனி வழக்கு போனது. எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. விளக்கம் கேட்டார்கள், எழுதினேன். ஓராண்டு சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அது நியாயம்தான் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

நான் எதிர்பார்க்காதது வேறு. ஒருநாள் எங்கள் கிளார்க் ஒரு நகலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நடேசன் சார் மேலிடத்துக்கு எழுதின கடிதம். ‘அந்த மழை நாளில் அத்தனை வண்டிகளையும் ஒரே ஆய்வாளரிடம் ஒதுக்கியது நான், சேறாக இருக்கிறது, ஓட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு முடித்து அனுப்பு என்று வாய்மொழியாகச் சொன்னதும் நான்’ என்று எழுதியிருந்தார். அவருக்கும் குறிப்பாணை வந்துவிட்டது. விசாரணை முடியாத நிலையில் ரிடையர் ஆக வேண்டியதாயிற்று. வழியனுப்பு விழாவில் மாலை போட்டுக்கொண்டு, விசாரணையில் இருக்கிற மனிதராகவே சிரித்துக்கொண்டு நின்றார். எல்லாம் தீர்ந்து பென்ஷன் ஒழுங்காக ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஏன் சார் இப்படிச் செய்தீர்கள் என்று சண்டை பிடிக்கிற மாதிரிதான் கேட்டேன்.

“அன்னிக்கு மழ வருது, சீக்கிரம் அனுப்பிடுன்னு சொன்னது நான்தானேம்மா. உன் அறிக்கைல அது இல்ல. விட்டுப்போச்சுன்னு நான் எழுதிட்டேன்” என்றார்.

மழை நாளில் அவர் அப்படிச் சொன்னது எனக்கு மறந்துபோய் விட்டுப்போகவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் எழுதாமல் விட்டேன். அது அவருக்கும் தெரியும். ஆனால் அதைப் பற்றி நாங்கள் அதற்குமேல் பேசியதில்லை. பொங்கலுக்குப் பொங்கல் தியாகதுருகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வேர்க்கடலை வறுத்து வைத்திருப்பார். பேச்செல்லாம் பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான். அவர் காலமான வருஷம் நான் ஏற்காட்டுப் பக்கம் வேலையில் இருந்தேன்; காரியத்துக்குத்தான் போக முடிந்தது.

அந்த வழக்குக்குப் பிறகு நான் எங்கே மாற்றலாகிப் போனாலும் ஒரு சாக்கைச் சுருட்டிக் கையில் வைத்திருப்பேன். ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் விரித்துப் படுப்பேன். பிறகு ஓட்டிப் பார்ப்பேன், டேப் வைத்து அளப்பேன். மழை என்றால் மறுநாள் வரச் சொல்வேன். டிரைவர்கள் எனக்குச் சாக்கு மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். காதில் விழுகிற மாதிரியேதான் சொல்வார்கள். சாக்கு மேடம் இன்றைக்கு டியூட்டியா, அப்போ சோறு கட்டிக்கினு வந்துடு என்று கிளீனரிடம் ஒருத்தர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

ரேவதி, இயந்திரம் வரட்டும், நல்லதுதான். சேறு, லீவு, சீக்கிரம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இன்னும் ஒன்று மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன்.

ரிடையர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்னால் மறுபடி இந்தப் பக்கமே வந்து சேர்ந்தேன். ஒருநாள் காலையில் லைசென்ஸ் தேர்வுக்கு வந்தவர்களின் பட்டியலில் அஞ்சலை என்ற பெயர் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவள்தான். முடி நரைத்திருந்தது. அரசாங்கம் கொடுத்த, பக்கத்தில் இரண்டு சக்கரம் சேர்த்த ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஏழுமலை நின்றிருந்தார். அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தாராம். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் ஒரு மாதம் பழக்கினார் என்றும், எதற்கெடுத்தாலும் பிரேக், பிரேக் என்று உயிரை எடுத்துவிட்டார் என்றும் அவள் சொன்னாள். எதற்கு இந்த வயதில் லைசென்ஸ் என்று கேட்டேன். மகளை வெள்ளிமலையில் கட்டிக்கொடுத்திருக்கிறாளாம். பஸ்ஸில் படி உயரம், ஏற முடியவில்லையாம்.

நான் அவளை இறங்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறினேன். மைதானத்தில் ஓட்டிப் பிரேக் போட்டேன். நின்றது, ஆனால் எனக்குத் திருப்தியில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேபிளை இறுக்கச் சொன்னேன். மறுபடி ஓட்டினேன். அளந்தேன். இன்னொரு முறை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அஞ்சலை ஏழுமலையின் தோளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாங்க மேடம், ஓட்டிக் காட்டணும்னு நான் வந்தா நீங்களே ஓட்டிக்கினு இருக்கீங்க” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வண்டியை அவளிடம் கொடுத்தேன். அவள் ஏறி உட்கார்ந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். கையைக் காட்டினேன், நிறுத்தினாள். இன்னும் கொஞ்சம் வேகத்தில் வரச் சொன்னேன், வந்தாள். கையைக் காட்டினேன், நிறுத்தினாள். தாளில் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் எங்கள் கேட்டைத் தாண்டிச் சாலைக்கு வந்தபோது இடப்பக்கம் விளக்கைப் போட்டாள். ஏழுமலை பின்னால் தன் பைக்கில் இருந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. அவள் நின்று, பஸ் முழுசாகப் போகிற வரைக்கும் காத்திருந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கச்சிராயபாளையம் சாலையில் திரும்பினாள்.